மீசைக்கு எழுதின தானப் பத்திரம்

தீபாவளிக்குப் பொண்டாட்டிக்கு மிக்சி வாங்கிக் குடுக்கிற ஆம்பளைகளப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். மிக்சி யாருக்கு? அவனுக்குச் சட்னி அரைக்க. எங்க நாத்தனார் மாப்பிள்ளை ஆலங்குளத்துல பெரிய மனுசன். ஒரு வருசம் கிரைண்டர் வாங்கினாரு, மறு வருசம் குக்கர், அதுக்கு அடுத்த வருசம் தரை துடைக்கிற மாப்பு, பச்சை வாளியோட. அந்த வாளியப் பிடிச்சிக்கிட்டு நாத்தனார நிக்க வச்சு போட்டோ எடுத்து, வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டு, கீழ ‘என் ராணிக்கு’ன்னு எழுதினாரு. ராணி இளிச்சுக்கிட்டு நின்னா. முறைக்கு நான் அவர அண்ணன்னு கூப்பிடணும். கூப்பிடுதேன், வேற என்ன செய்ய.

இதவிடக் கேவலம் அந்த ஸ்வீட் பெட்டி. நான் ஒரு வீட்டுக்குக் குடுத்த சோன்பப்டி பெட்டி, மூணு வீடு சுத்தி, ஓரம் நசுங்கி, என் கையெழுத்தோடயே எனக்குத் திரும்பி வந்திருக்கு. குடுத்தவ மொகத்துல ஒரு வெக்கம் இல்ல. பிரியத்துல வாங்கிட்டு வந்தேன்னு வேற சொன்னா.

இதெல்லாம் ஏன் சொல்லுதேன்னா, எங்க வீட்டுல நானும் எம் புருசனும் குடுத்துக்கிட்ட சாமான் ஒவ்வொண்ணையும் நான் ரொம்ப ஒசத்தியா நெனச்சிருந்தேன். இவளுவளுக்கும் இவனுவளுக்கும் இதெல்லாம் எங்க புரியப் போவுதுன்னு ஒரு திமிரு. அந்தத் திமிரு எங்க கொண்டு போயி விட்டுச்சுங்கிறதத்தான் எழுதுதேன்.

எங்க வீடு குத்துக்கல்வலசையில, புதுசா பிளாட் போட்ட பக்கம். அவியளுக்கு, அதாவது எம் புருசனுக்கு, தென்காசியில டயர் கடை. எனக்கு சார்பதிவாளர் ஆபீசுக்கு எதுத்தாப்ல, ஒரு பத்திரம் எழுதுறவர்கிட்ட டைப்பிஸ்ட் வேலை. கிரயம், அடமானம், தானம், விடுதலைப் பத்திரம்னு காலையில ஒம்பதரையில இருந்து சாயந்தரம் வரைக்கும் ஊரான் சொத்த நான் டைப் அடிக்கேன். பிள்ளை இல்ல. அதப்பத்தி ஊரு பேசுனது தனிக்கதை, அத இங்க சொல்லப் போறதில்ல.

வீட்டுல எல்லாம் நான் சொல்லுததுதான். சும்மா பேச்சுக்குச் சொல்லல. என்ன சட்டை, என்ன குழம்பு, எந்தக் கல்யாணத்துக்குப் போறது, ஞாயித்துக்கிழம யாரு பாத்திரம் கழுவுறது, எல்லாம். இது நான் மிரட்டி வாங்கினது இல்ல. அவியளா கேட்டுக் குடுத்தது.

கல்யாணம் ஆயி மூணாவது மாசம், சாரல் நேரம். குத்தாலத்துக்குப் போயிருந்தோம். மெயினருவியில அண்டர்வேரோட நூறு தடியனுவ ஊளை விட்டுக்கிட்டு, எண்ணெய் மினுமினுக்க ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிக்கிட்டுக் கெடந்தானுவ. பொம்பளையாளுக பக்கம் எட்டிப் பாக்கிறதுக்கே பாதிப் பேரு வந்திருந்தான். குளிக்காமலே திரும்பி, ஒரு கடையில மொளகா பஜ்ஜி வாங்கிக்கிட்டு நின்னோம். அப்ப இவிய, எனக்கு அந்தக் கூட்டத்துல ஒருத்தனா இருக்கவே வராதுன்னாவ. அப்புறம் மெதுவா மிச்சத்தையும் சொன்னாவ. பதினாறு வயசுல கடைக்கு வந்தது, அன்னையில இருந்து எல்லாருக்கும் எல்லாத்தையும் தானே முடிவு பண்ணி அலுத்துப் போச்சாம். வீட்டுக்குள்ள வந்தா இதச் செய், அதச் செய்யின்னு நீ சொல்லணும், நான் கேக்கணும், அதுல எனக்கு ஒரு சந்தோசம் இருக்குன்னாவ. சொல்லும்போது காது ரெண்டும் செவந்து போச்சு.

நான் கேலி பண்ணுதாவன்னு நெனச்சேன். கேலி இல்ல. ஒரு வாரம் அதயே பேசினோம். எனக்கும் பிடிச்சிருந்தது, அத ஏன் மறைக்க? ரொம்பவே பிடிச்சிருந்தது. நான் ரெண்டு கண்டிசன் போட்டேன். பிடிக்காத எதுனாலும் அவிய ஒரு வார்த்தை சொன்னா நான் அப்படியே நிறுத்திரணும். அந்த வார்த்தை ‘வில்லங்கம்’. பத்திர ஆபீஸ்காரிக்கு வேற என்ன வார்த்தை கெடைக்கும்? ரெண்டாவது, இது வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. அதுக்கு அவிய ஏன்னு மட்டும் கேட்டாவ. தெரியக் கூடாதுன்னா கூடாதுலேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்குள்ள நான் அவியள ‘லே’ன்னுதான் கூப்பிடுவேன். அவிய என்னைய ‘மொதலாளி’ம்பாவ. வாசல் தாண்டிட்டா நான் ‘ஏங்க’.

தல தீபாவளி முடிஞ்சு அடுத்த தீபாவளிக்கு இந்த விளையாட்டு வந்திச்சு. ஆபீஸ்ல மிஞ்சுன பச்சைத் தாள்ல ஒரு தான செட்டில்மெண்ட் டைப் அடிச்சிட்டு வந்தேன். டிவி ரிமோட்டின் மீது எனக்குள்ள சகல பாத்தியதைகளையும் என் மனைவியாகிய தங்களுக்கு, தங்கள் மீதுள்ள பிரியத்தை முன்னிட்டுத் தானமாக எழுதிக் கொடுத்தேன்னு. எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு, புதுவேட்டி கட்டிக்கிட்டு, தரையில சம்மணம் போட்டு உக்காந்து அவிய கையெழுத்துப் போட்டாவ. ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்த வலிச்சிச்சு. மறு வருசம் சட்டை எடுக்கிற உரிமை. அதுக்கு அடுத்து ஞாயித்துக்கிழம மத்தியானத் தூக்கம். அப்புறம் காப்பிக்கு எத்தன கரண்டி சீனிங்கிறது. வருசத்துக்கு ஒண்ணு. பதிலுக்கு நானும் ஒரு சாமான் குடுப்பேன், உத்தரவோட. ஞாயித்துக்கிழமைத் தூக்கத்த வாங்கின வருசம், பூப்போட்ட ஏப்ரன் ஒண்ணு குடுத்தேன். கட்டிக்கிட்டு நின்னா அழகாத்தான் இருந்தாவ.

வெளிய நான் போட்ட வேசம் இருக்கே, அது தனி. எனக்கு எங்கயாவது போகப் பிடிக்கலையா, யாரையாவது வீட்டுல தங்க வைக்கப் பிடிக்கலையா, எனக்கு ஒரே பதில்தான்: “அவிய ஒத்துக்கிட மாட்டாவ.” தலையக் குனிஞ்சுக்கிட்டு, கொரல எறக்கிச் சொல்லுவேன். நாத்தனார் குடும்பத்தோட சாரலுக்கு ஒரு மாசம் வந்து டேரா போடுதேன்னப்ப, அவிய ஒத்துக்கிடல. மாமியாரு என்னைய வேலைய விடச் சொன்னப்ப, அவிய விடச் சொல்லல. எங்கம்மா வீட்டுக்குக் கூப்பிட்டப்பகூட அதே பதில்தான். பதினோரு வருசம். அவிய எங்கயும் மறுத்துப் பேசல, அது என் உத்தரவு. வீரகேரளம்புதூர்ல அவிய அப்பா வீட்டுல இருந்து எங்கம்மா வீடு வரைக்கும் அவியளுக்குக் கடுவம்பூனைன்னு பேரு. நான் பாவப்பட்ட பொண்ணு. எல்லாப் பொம்பளையாளும் என் தலையத் தடவிக் குடுத்தாளுவ. அவளுவ தடவத் தடவ உள்ளுக்குள்ள நான் சிரிச்சேன். மூதேவிகளா, உங்க புருசனுவ ஒங்களுக்கு வாளி வாங்கிக் குடுக்கான், எம் புருசன் எனக்குத் தூக்கத்த எழுதிக் குடுத்திருக்கான்னு.

போன தீபாவளிக்கு மீசைய எழுதி வாங்கினேன்.

நல்ல மீசை. கத்தையா, ஓரம் லேசா எறங்கி இருக்கும். அது இல்லாம மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். பத்திரத்த ரெண்டு நாளு ரசிச்சு ரசிச்சு டைப் அடிச்சேன். ‘என் மேலுதட்டின் மீது நாளது தேதி வரை என் அனுபவத்தில் இருந்து வரும் மீசையைத் தங்களுக்குத் தானமாக எழுதிக் கொடுத்து சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டேன். வடக்கே மூக்கு, தெற்கே வாய், கிழக்கிலும் மேற்கிலும் கன்னங்கள், இந்நான்கெல்லைக்கு உட்பட்டது பூராவும். பின்னிட்டு வில்லங்கம் ஏதும் தெரியவந்தால் நானே முன்னின்று தீர்த்துத் தருகிறேன்.’ கூடவே ஒரு புது ஷேவிங் செட், சுருக்குப் பையில போட்டு, ரிப்பன் கட்டி.

அவிய பத்திரத்த ரெண்டு தடவை வாசிச்சாவ. சிரிச்சாவ. சிரிப்புக்கு நடுவுல மீசைய ஒரு தடவ தடவிக்கிட்டாவ. வில்லங்கம் உண்டாலேன்னு கேட்டேன். யோசிச்சுட்டு, இல்ல மொதலாளின்னாவ. கையெழுத்துப் போட்டாவ. நானே சோப்பு நுரை வச்சுவிட்டேன். எடுத்து முடிச்சதும் ஆளே வேற மாதிரி. மேலுதடு மட்டும் வெளுத்து, காலேஜ் பையன் கணக்கா. எனக்கு ஒரே சந்தோசம். கன்னத்தப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருந்தேன்.

இப்ப ஒண்ணு சொல்லணும். எங்க அய்யா வாத்தியாரு, மீசையே வச்சது கிடையாது. எங்க வீட்டுல மீசைக்கு ஒரு மரியாதையும் கெடையாது. ஆனா அவிய வீட்டுல அப்பிடி இல்ல. அப்பன் உசுரோட இருக்கையில மகன் மீசைய எடுக்க மாட்டான். திருச்செந்தூர்ல மொட்ட போட்டாக்கூட மீசையத் தொட விட மாட்டாவ. மீசை போறது அப்பன் போறப்பத்தான். இது எனக்குத் தெரியாதான்னு கேட்டா, காதுல விழுந்திருக்கு. பதினோரு வருசத்துல எத்தனையோ தடவ விழுந்திருக்கும். அவிய வீட்டுப் பேச்சு எதையும் நான் மதிச்சுக் கேட்டது கெடையாது, அதான் நெசம். பட்டிக்காட்டுப் பேச்சுன்னு ஒதுக்கிருவேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீரகேரளம்புதூர். மழை தூறிக்கிட்டே இருந்திச்சு. பைக்ல ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போனதால வழியில ஒருத்தரும் பாக்கல. வீட்டுக்குள்ள மாமா, அவிய அப்பா, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தாவ. எண்பது வயசு. மாமா மீசை வெள்ளை வெளேர்னு, ஒரு முடி அங்கிட்டு இங்கிட்டுப் போகாம இருக்கும். கை நடுங்குதுன்னு அவியளால வெட்டிக்கிட முடியாது. வேற யாரையும் தொட விட மாட்டாவ. ஒரு ஞாயித்துக்கிழம விட்டு மறு ஞாயித்துக்கிழம எம் புருசன் போயி, துண்டப் போத்தி, சின்னக் கத்திரி வச்சு வெட்டிவிட்டுட்டு வருவாவ. அந்த அர மணி நேரம் அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேச மாட்டாவ. எங்க வீட்டு ஞாயித்துக்கிழமையில நான் கை வைக்காத நேரம் அது ஒண்ணுதான்.

இவிய ஹெல்மெட்டக் கழட்டினாவ. மாமியாரு கையில இருந்த வடைத் தட்டக் கீழ வச்சிட்டு, ஏ ராசா, யாருக்குய்யா என்ன ஆச்சுன்னு நெஞ்சுல கைய வச்சாவ. நாத்தனார் அடுப்படியில இருந்து ஓடி வந்தா. அந்த ஆலங்குளத்து அண்ணன் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. மாமா மட்டும் டிவிய அமத்திட்டு, மகன் மூஞ்சியவே பாத்தாவ. மாமா கை தானா தன் மீசைக்குப் போச்சு.

“நான் உசுரோடதானலே இருக்கேன்?”

அப்பத்தான் எனக்குத் தலையில எறங்குச்சு. மாமா மறுபடியும் கேட்டாவ, ஏன் எடுத்தேன்னு. எம் புருசன் என்னையப் பாத்தாவ. ஒரு பார்வைதான். பயந்த பார்வை இல்ல. நீ சொல்லுதியான்னு கேக்கிற மாதிரி, கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்துச்சு அதுல. நான் சேலைத் தலைப்ப இழுத்துத் தோள மூடினேன். கொரலு தானா எறங்குச்சு.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மாமா. அவிய கேக்கணுமே.”

யோசிச்சுச் சொல்லல. பதினோரு வருசப் பழக்கம், வாய் அதுபாட்டுக்குச் சொல்லிட்டு. சொல்லி முடிச்ச பொறவு திருத்தியிருக்கலாம். ஒரு நிமிசம் முழுசா இருந்துச்சு. நான் திருத்தல. எம் புருசன் தரையப் பாத்துக்கிட்டு, ஆமாப்பா, நாந்தான் எடுத்தேன், என்னமோ தோணுச்சுன்னாவ. மாமா, நான் போன பொறவு வா, இந்த வாசல்ல வந்து முறையா எடுத்துக்கோ, அதுவரைக்கும் இங்க கால வைக்காதன்னு சொல்லிட்டு டிவியப் போட்டுட்டாவ. நாங்க திரும்பினோம். மாமியாரு ஓடி வந்து எனக்கு மட்டும் ஒரு டிபன்ல சோறு போட்டுக் குடுத்தாவ. நீ சாப்பிடாம கெடக்காதம்மா, இவன்கிட்ட மாட்டிக்கிட்டு நீ என்னத்தக் கண்டேன்னு கண்ணத் தொடச்சாவ. நான் வாங்கிக்கிட்டேன். வெக்கங்கெட்டவ, வாங்கிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான்தான் கத்தினேன். செஞ்சது நானு, கத்தினதும் நானு. தெரிஞ்சிருந்தும் ஏன்லே வில்லங்கம்னு சொல்லலன்னு கேட்டேன். அவிய ஈரச் சட்டையக் கழட்டிக் கொடியில போட்டுக்கிட்டே பதில் சொன்னாவ.

“அப்பா கோவப்படுவாவன்னு தெரியும். நீ சொல்லிக்கிடுவன்னு நெனச்சேன். பதினோரு வருசம் ஆச்சு, இந்தச் சாக்குலயாவது எனக்கு அந்தப் பேரு போகும்னு நெனச்சேன்.”

கடுவம்பூனைங்கிற பேரு அவியள உறுத்தும்னு நான் ஒருநாள்கூட நெனச்சதில்ல. அவிய சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. அது அவியளுக்கும் ஒரு விளையாட்டுன்னுதான் வச்சிருந்தேன்.

கார்த்திகை போச்சு, மார்கழியும் முடியப் போற நேரம். மீசை முளைச்சு பழையபடி ஆயிட்டு. ஆனா மாமா எறங்கி வரல. ரெண்டு தடவ எம் புருசன் போயி ரோட்டுல நின்னுட்டு வந்தாவ. ஆலங்குளத்து அண்ணன் நடுவுல பூந்து, ஆம்பளைக்கு மீசைதானே அடையாளம், அது கெடக்கட்டும், பொண்டாட்டி வேண்டாம்னு அழுதிருக்கா, அதயும் கேக்கலையே, அம்புட்டுத் திமிரான்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு. அழுதேன்னு நான் சொல்லவே இல்ல. அவரே சேத்துக்கிட்டாரு. மாப்பு வாங்கிக் குடுத்த மகராசன் எம் புருசனுக்குப் பொண்டாட்டிய மதிக்கச் சொல்லிக் குடுக்காரு. அடுத்தடுத்த ஞாயித்துக்கிழமைகள்ல இவிய கடையத் தெறந்து வச்சு உக்காந்திருந்தாவ. ஞாயித்துக்கிழம எவன் டயர் மாத்த வருவான்? வீட்டுக்குள்ள நான் சொன்னதெல்லாம் எப்பவும் போலச் செஞ்சாவ. மொதலாளின்னு கூப்பிடுறது மட்டும் கொறஞ்சு போச்சு.

பொங்கலுக்கு நாலு நாளு முன்னால நானே கேட்டேன். பத்திரமும் வேண்டாம் உத்தரவும் வேண்டாம், இந்தப் பொங்கலுக்கு ஒனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லுலேன்னேன். இத்தன வருசத்துல அப்பிடிக் கேட்டதே கெடையாது. அவிய ரொம்ப நேரம் எடுத்துக்கிடல. அப்பாகிட்ட நீயே போயி நடந்ததச் சொல்லிருன்னாவ. பூராவும் சொல்ல வேண்டாம், எடுக்கச் சொன்னது நீதான்னு மட்டும் சொல்லு போதும், பொண்டாட்டி பேச்சக் கேட்டேன்னு அப்பா சிரிச்சாக்கூட எனக்குப் பரவாயில்ல, அப்பா சாகணும்னு நான் மீசைய எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டே அவிய போயிரக் கூடாதுன்னாவ. சரின்னேன். அதச் செஞ்சு தாரேன்னு சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னேன்.

பொங்கலுக்கு மறுநாள் போனோம். தெருமுனையில, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல பைக்க நிறுத்திட்டு, அவிய அங்கேயே நின்னுக்கிட்டாவ. அந்தப் பத்திரத்த மடிச்சு என் ஹேண்ட்பேக்ல அவியளே வச்சாவ. ஒருவேளை நம்பலைன்னா இதக் காட்டு, அப்பா உன் டைப்பப் பாத்ததும் தெரிஞ்சுக்கிடுவாவன்னு சொன்னாவ. நான் தனியா நடந்தேன்.

உள்ள எல்லாரும் இருந்தாவ. ஆலங்குளத்துக்காரங்களும் வந்திருந்தாவ. மாமாவப் பாத்ததும் எனக்குச் சங்கடமாப் போச்சு. வெட்டி மூணு மாசம் ஆன மீசை வாய மூடி எறங்கி, அதுல சக்கரப் பொங்கல் ஒட்டியிருந்துச்சு. மாமியாரு வெட்டிவிடுதேன்னதுக்கும், மருமகன் தென்காசி சலூனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னதுக்கும் விடலையாம். யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்காவன்னு அங்க ஒருத்தருக்கும் உறைக்கல. கூமுட்டைக் கூட்டம்.

நான் மாமா முன்னால நின்னு சொன்னேன். நல்லாத் தெளிவாத்தான் சொன்னேன்.

“மீசைய எடுக்கச் சொன்னது நான்தான் மாமா. அவிய மேல ஒரு தப்பும் இல்ல.”

மாமியாரு ஓன்னு அழுதுக்கிட்டு என்னையக் கட்டிப் பிடிச்சாவ. புருசன் பழிய ஏத்துக்கிட்டு வந்து நிக்கா பாரு, எங்குலசாமின்னாவ. நாத்தனார், இவளுக்கு இருக்கிற மனசு நமக்கு வராதுன்னா. மாமா மெதுவா, அவன் சொல்லி அனுப்பினானான்னு கேட்டாவ. இல்ல மாமா, நெசமாத்தான் நானே சொன்னேன்னு மறுபடியும் சொன்னேன். மாமா என் தலையில கைய வச்சாவ. நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அவனுக்கு எதுத்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல, நீயா மீசைய எடுக்கச் சொல்லுவ, போம்மா போ, அந்தப் பயலுக்குப் பொய் சொல்லிக்கூட நீ கெட்ட பேரு வாங்காதன்னாவ.

ஹேண்ட்பேக் ஜிப்புல என் கை இருந்துச்சு. தெறந்து நீட்டினா முடிஞ்சுது. வடக்கே மூக்கு, தெற்கே வாய், அடியில மகன் கையெழுத்து. மாமா கிரயப் பத்திரம் எத்தனையோ பாத்த மனுசன், ஒரு வரி வாசிச்சாலே வெளங்கிரும். ஆனா அத வாசிக்க ஆலங்குளத்து அண்ணன் வந்து நிப்பாரு. சத்தம் போட்டு வாசிப்பாரு. எம் புருசனத்தான் ஊரு சிரிக்கும், அவியளுக்காகத்தான் பத்திரத்த எடுக்கலன்னு அங்கேயே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். பொய். அவிய சிரிப்புக்குத் துணிஞ்சுதான் அதப் பைக்குள்ள வச்சுவிட்டிருந்தாவ. துணியாதது நான். மாமியாரு கை என் முதுகத் தடவிக்கிட்டே இருந்துச்சு, நாத்தனார் கரும்பு நறுக்கிக் குடுத்தா, எனக்கு அது வேண்டியிருந்துச்சு. இவளுவள இத்தன வருசமாத் துச்சமா நெனச்ச எனக்கு, இவளுவ தடவிக் குடுக்கிறது அம்புட்டு வேண்டியிருந்துச்சு. கரும்பத் தின்னுட்டு, போயிட்டு வாரேன் மாமான்னு எந்திரிச்சேன்.

தெருமுனையில அவிய பைக் மேல சாஞ்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நின்னாவ. நம்பினாவளான்னு கேட்டாவ. இல்லன்னேன். பத்திரத்தக் காட்டினியான்னாவ.

“காட்டினேன். வாசிச்சாவ. அப்பவும் நம்பல.”

அவிய தலைய ஆட்டினாவ. மொகம் ஒரு நிமிசம் சுருங்கி, அப்புறம் தெளிஞ்சுட்டு. அப்பா பிடிவாதம் ஒனக்குத் தெரியாது, விடு, அத்தன பேரு முன்னாடி நீ எனக்காக எடுத்துக் காட்டினியே, அது போதும்னாவ. வண்டிய எடுத்தாவ. சுரண்டை தாண்டுற வரைக்கும் என்னமோ பாட்ட முணுமுணுத்துக்கிட்டே வந்தாவ. தீபாவளிக்கு அப்புறம் அன்னைக்குத்தான் நல்ல சந்தோசமா இருந்தாவ. அப்புறம் ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கிவிட்டு, பின்னால திரும்பி, இத்தன வருசத்துல நீ எனக்குக் குடுத்ததுலயே இதுதான் மொதலாளி பெருசுன்னு சொன்னாவ. நான் ம்னு சொன்னேன்.